எக்ஸ்பி பொட்டியைச் சுத்தம் செய்வது எப்படி? (செய்யக்கூடாதவையும் சேர்த்து)

விண்டோஸ் எக்ஸ்பி பற்றி இந்தக் காலத்தில் ஒருத்தன் கட்டுரை எழுதுகிறானா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன் :-)

சிரித்தாச்சா? சரி, மேட்டருக்கு வருவோம்.

2001 அக்டோபர் 25-ல் வெளிவந்த இயங்குதளம் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8-உடன் மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான பாதுகாப்பு இணைப்புகளை நிறுத்திவிட்டது. ஏட்டுக்கணக்கில் அது செத்துப்போன சரக்கு. ஆனால் ஊருக்குள் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். டிடிபி சென்டர், சின்ன அச்சகம், எடைமேடை என்று ஏதாவது ஒரு மூலையில் அந்தப் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் இன்னும் தெரியும். அவர்கள் யாரும் பழசின் மேல் காதல் கொண்டு வைத்திருக்கவில்லை. அந்தப் பொட்டி இல்லாமல் அவர்கள் பிழைப்பு ஓடாது, அவ்வளவுதான்.

அந்தப் பொட்டி மெதுவாகிப் போனால் என்ன செய்வார்கள்? பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் படிக்கிற பையனைக் கூப்பிடுவார்கள். அந்தப் பையன்கள்தான் நாம். நாம் என்ன செய்வோம்? "எக்ஸ்பி வேகமாக 50 வழிகள்" என்று தேடி, கிடைத்ததை எல்லாம் வரிசையாகச் செய்துவிட்டு, "முடிஞ்சதுங்க, இப்ப பாருங்க" என்போம். அங்கேதான் ஆரம்பிக்கிறது வில்லங்கம்.

என் கட்சி இதுதான். அந்த 50 வழிகளில் பெரும்பாலானவை வெட்டி வேலை. சில நிஜமாகவே ஆபத்து. உருப்படியானவை ஏழெட்டுதான் தேறும், அவையும் ரொம்பச் சலிப்பான வேலைகள். சுத்தம் செய்வது என்றால் விண்டோஸ் தன்னோடு கொண்டுவந்ததை வெட்டுவது என்று நினைக்கிறோம். அது இல்லை. இத்தனை வருஷமாக நாம் கொண்டுவந்து கொட்டியதை வெளியே எடுப்பதுதான் சுத்தம்.

முதலில் நகல், அப்புறம்தான் விளக்குமாறு

பதினைந்து, இருபது வருஷம் ஓடிய ஹார்ட் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் கையை விரிக்கலாம். தேவையில்லாததை நீக்குவது, டீஃப்ராக் ஓட்டுவது எல்லாம் அதற்கு மணிக்கணக்கில் வேலை கொடுப்பதுதான். ஆகவே எதையும் தொடும் முன் முக்கியமான கோப்புகளை எல்லாம் நகல் எடுங்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. இப்போது விற்கிற பெரிய பென் டிரைவ்கள் பல எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யப்பட்டு வருகின்றன. தனியாக ஓர் இணைப்பு நிறுவாமல் எக்ஸ்பி அதைப் படிக்காது. "பென் டிரைவ் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டாமல், 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான பென் டிரைவ் ஒன்றை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து கொண்டுபோங்கள்.

நகல் எடுக்கும்போதே டிஸ்க்கிலிருந்து "டக் டக்" என்று சத்தம் வந்தால், சுத்தம் செய்கிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கோப்புகளைக் காப்பாற்றுவது மட்டும்தான் அப்போது வேலை.

ஃபான்ட் ஃபோல்டரில் கை வைக்காதீர்கள்

நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான்.

வேகக் குறிப்புகள் எல்லாவற்றிலும் தவறாமல் ஒன்று இருக்கும்: "தேவையில்லாத எழுத்துருக்களை நீக்குங்கள், பொட்டி சீக்கிரம் எழும்பும்." நூற்றுக்கணக்கில் ஃபான்ட் இருந்தால் கொஞ்சம் தாமதம் ஆகும் என்பது உண்மையே. வெள்ளைக்காரன் தன் ஊருக்கு எழுதிய குறிப்பு, அவனுக்குப் பொருந்தும். தமிழ் வேலை நடக்கிற பொட்டியில் அதைச் செய்தால் என்ன ஆகும்?

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழைக் கணினியில் எழுதியவர்கள் டிஸ்கி, டேப், டேம், பாமினி என்று ஆளுக்கொரு குறியீட்டு முறையில் எழுதினார்கள். இவை போதாதென்று டிடிபி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி முறை வைத்திருந்தன. இந்தக் கோப்புகளுக்குள் "இது க, இது ங" என்ற தகவலே கிடையாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளுக்கோ வேறு குறிகளுக்கோ உரிய எண்கள். ஃபான்ட்தான் அந்த எண்ணுக்குத் தமிழ் முகமூடி மாட்டுகிறது. முகமூடியைக் கழற்றினால் திரையில் தெரிவது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்ததே 2010-ல்தான். அதற்கு முன்பு அடித்த கோப்புகளில் எத்தனை முகமூடிக்குள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், தாத்தாவின் சுயசரிதை, சங்கத்தின் தீர்மானப் புத்தகம்... பெயர் தெரியாத ஒரு ஃபான்ட் கோப்பு சில நூறு கேபி இருக்கும். அதை நீக்கி மிச்சம் பிடிக்கிற இடம் ஒரு எம்பி-3 பாட்டுக்குக்கூடப் போதாது. போகிற பொருள் திரும்பக் கிடைக்காது. அந்த ஃபான்டை விற்ற கம்பெனியே இன்று இருக்கிறதோ இல்லையோ!

என் மாமா ஒருத்தர் டிடிபி சென்டர் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, ரசீது புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எல்லாம் அந்த ஒரே பெண்டியம் 4 பொட்டியில்தான். 512 எம்பி ராம், 40 ஜிபி டிஸ்க், பேஜ்மேக்கர் 7. "புதுசு வாங்கிக்கலாமே மாமா" என்றேன். "வாங்கலாம்டா மாப்ள. இருபது வருஷத்து மேட்டரை எவன் திரும்ப அடிச்சுக் குடுப்பான்? நீ அடிப்பியா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அவரிடம் இருக்கும் ஃபான்ட் தொகுப்புக்குப் பூட்டு வேறு உண்டு. பொட்டியின் பின்னால் பிரிண்டர் செருகுகிற பேரலல் போர்ட்டில் ஒரு டாங்கிள் இருந்தால்தான் திறக்கும். இப்போது வருகிற கணினிகளில் பேரலல் போர்ட்டுக்கு எங்கே போவது?

ஆக, ஃபான்ட் ஃபோல்டரையும் பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். முடிந்தால் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். டிஸ்கி, டேப், பாமினி போன்ற பரவலான முறைகளுக்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் வெளிவந்திருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு பக்கத்தையாவது கண்ணால் படித்துச் சரிபாருங்கள்.

இதே வகையில் இன்னொரு வில்லங்கம். கன்ட்ரோல் பேனலில் ரீஜினல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போய் லாங்குவேஜஸ் பக்கத்தைத் திறந்தால் இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும். ஒன்று சிக்கலான எழுத்துமுறைகளுக்கானது. இந்திய மொழிகள், அரபி, தாய் எல்லாம் இதில் அடக்கம். இதற்கு எக்ஸ்பி கேட்கிற இடம் 10 எம்பி. இன்னொன்று சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளுக்கு, 230 எம்பி. இரண்டாவதைத் தாராளமாக எடுத்துவிடலாம். முதலாவதை எடுத்தால் யூனிகோடு தமிழில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து தொங்கும். திரும்பப் போட எக்ஸ்பி குறுந்தகட்டைக் கேட்கும். அந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

உருப்படியான வேலைகள்

1. கூடவே எழும்புகிறவர்களை உட்கார வையுங்கள்

ஸ்டார்ட், ரன் போய் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஸ்டார்ட்அப் பக்கம் திறந்ததும் ஒரு அருங்காட்சியகமே தெரியும். 2018-ல் மூடப்பட்ட யாஹூ மெசஞ்சர் யாரையோ தேடிக்கொண்டு தினமும் எழும்பும். 2011-ல் நிறுத்தப்பட்ட கூகுள் டெஸ்க்டாப் வட்டு முழுக்கத் துழாவிக்கொண்டிருக்கும். என்றோ விற்றுவிட்ட பிரிண்டரின் மை அளவைக் காட்டும் நிரல், பிடிஎஃப் வாசிப்பானை "சீக்கிரம்" திறக்கவைக்கும் நிரல், பாட்டுப் பெட்டியின் உதவியாள்... இவர்கள் எல்லோருக்கும் டிக் எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் மொத்தக் கட்டுரையிலும் அதிகப் பலன் தருவது இந்த ஐந்து நிமிட வேலைதான்.

ஒரே விதிவிலக்கு: சிடிஎஃப்மான் என்று ஒன்று இருக்கும். அதையும் எடுக்கச் சொல்லிப் பல குறிப்புகள் சொல்லும். மொழிப் பட்டையை வைத்துத் தமிழ் விசைப்பலகைக்கு மாறுகிறவர் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

2. செத்துப்போன மென்பொருள்களை நீக்குங்கள்

ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படியுங்கள். ஃபிளாஷ் பிளேயருக்கு 2020 டிசம்பர் 31-உடன் அடோபி மூடுவிழா நடத்திவிட்டது. உலாவியின் தலையில் உட்கார்ந்திருக்கும் டூல்பார்கள், டயல்-அப் இணைப்புக்கு வந்த மென்பொருள்கள், டெமோ விளையாட்டுகள் எல்லாம் இனி எதற்கு? சந்தா முடிந்து பல வருஷமான ஆண்டிவைரஸும் இந்தப் பட்டியலில்தான் சேரும். காவல் காக்காமல் சம்பளம் மட்டும் வாங்குகிற வாட்ச்மேன் அது. ஆனால் அதை எடுப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு, இணையம் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

பெயர் புரியாத எதையும் ஊகத்தில் நீக்க வேண்டாம். டிரைவர் என்று பெயரில் இருந்தால் தொடவே வேண்டாம்.

3. ஒதுக்கீடுகளைக் குறையுங்கள்

40 ஜிபி டிஸ்க் ஏன் நிரம்பி வழிகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஸ்டம் ரீஸ்டோர் தன் பங்காக 12 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம், அதாவது 4.8 ஜிபி. குப்பைத் தொட்டிக்கு 10 சதவீதம், 4 ஜிபி. ஹைபர்நேஷன் இயங்கினால் ராம் அளவுக்கு ஒரு கோப்பு, 512 எம்பி. எல்லாம் சேர்த்தால் 9 ஜிபிக்கு மேல் இந்த மூன்றுக்கே போகலாம்! ரீஸ்டோரை முழுசாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் பழைய மீட்புப் புள்ளிகள் அத்தனையும் அழியும். ஸ்லைடரை 3 சதவீதத்துக்கு இழுத்துவிட்டால் போதும். குப்பைத் தொட்டிக்கு 2 சதவீதம் தாராளம். ஹைபர்நேட் யாரும் பயன்படுத்தாத மேசைக் கணினி என்றால் பவர் ஆப்ஷன்ஸில் அணைத்துவிடலாம்.

4. டிஸ்க் கிளீனப்

விண்டோஸோடு வருகிற இதுவே போதும், தனி மென்பொருள் வேண்டாம். தற்காலிகக் கோப்புகள், இணையக் கோப்புகள் எல்லாம் போகட்டும். பழைய கோப்புகளைச் சுருக்கி வைக்கும் வரிக்கு மட்டும் டிக் போடாதீர்கள். நேரம் விழுங்கும் வேலை அது.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் டாலர் குறியில் தொடங்கும் பெயரோடு, நீல எழுத்தில், மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் பலவற்றைப் பார்க்கலாம். பழைய அப்டேட்களைத் திரும்பக் கழற்றுவதற்கு வைத்திருக்கும் கோப்புகள் அவை. பல வருஷம் ஒழுங்காக ஓடிய பொட்டியில் இனி யாரும் அவற்றைக் கழற்றப்போவதில்லை, நீக்கலாம். பெயரில் அன்இன்ஸ்டால் என்று இருப்பவை மட்டும். பக்கத்தில் இருக்கும் மற்ற ஃபோல்டர்களுக்குப் போய்விடாதீர்கள், அங்கே இருப்பவை விண்டோஸின் உறுப்புகள்.

5. டிஎம்ஏ இருக்கிறதா என்று பாருங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த குறிப்பு இது, ஏனென்றால் அந்த 50 வழிகளில் இது அபூர்வமாகத்தான் இருக்கும். பழைய ஐடிஇ டிஸ்க்கில் நேரம் கடந்து பதில் வருவது, தகவல் பிழையோடு வருவது என்று ஆறு முறைக்கு மேல் சேர்ந்துவிட்டால், எக்ஸ்பி பாதுகாப்புக்காக டிஸ்க்கின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பிஐஓ என்கிற பழங்கால முறைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த முறையில் ஒவ்வொரு துளித் தகவலையும் பிராசசரே சுமந்து வரவேண்டும். லாரியில் வந்த மூட்டையைத் தலைச்சுமையாக மாற்றிய மாதிரி. பொட்டி ஆமை ஆகிவிடும். விண்டோஸ் ஒரு வார்த்தை சொல்லாது.

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர்கள், பிரைமரி சேனல், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்று போய் தற்போதைய முறை என்ன என்று பாருங்கள். அல்ட்ரா டிஎம்ஏ என்று இருந்தால் நிம்மதி. டிஸ்க்குக்கு நேரே பிஐஓ என்று இருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து பொட்டியை மறுபடி இயக்குங்கள். எக்ஸ்பி தானாகவே அதைத் திரும்பக் கண்டுபிடித்து வேகமான முறையில் வைக்கும். சில நாளில் மறுபடி பிஐஓ-வுக்கு விழுந்தால் கேபிள் போயிருக்கிறது அல்லது டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

6. டீஃப்ராக்

இதற்கு டிஸ்க்கில் 15 சதவீதம் காலியிடம் வேண்டும், 40 ஜிபிக்கு 6 ஜிபி. அதனால் மேலே சொன்னதை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் ஓட்டுங்கள். இரவு ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

7. காட்சி ஜோடனைகள்

சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் பெர்ஃபாமன்ஸ் பகுதி. மெனு மங்கி மறைவது, நிழல் விழுவது எல்லாம் வேண்டாம். ஆனால் எழுத்து விளிம்புகளை மென்மையாக்கும் வரியை மட்டும் விட்டுவையுங்கள். ணகரத்தையும் னகரத்தையும் நாள் முழுக்கப் பார்த்து மெய்ப்புத் திருத்துகிறவர் கண்ணுக்கு அது தேவை.

உட்டாலக்கடி குறிப்புகள்

இனி மக்கள் விரும்பிச் செய்கிற, செய்து பிரயோசனம் இல்லாத வேலைகள்.

பிரீஃபெட்ச் ஃபோல்டரை அழிப்பது: எந்த நிரல் தொடங்கும்போது எந்தெந்தக் கோப்புகள் தேவைப்பட்டன என்று எக்ஸ்பி எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பேடு அது. அடுத்த தடவை அதைப் பார்த்துச் சீக்கிரம் திறக்கும். 128 பதிவுகளுக்கு மேல் அது வளராது, பழசைத் தானே கழித்துக்கொள்ளும். அதை வாராவாரம் அழிப்பது, பரீட்சைக்கு முன்னால் நோட்ஸைக் கிழித்துப் போடுவது போல.

"விண்டோஸ் உங்கள் இணைய வேகத்தில் 20 சதவீதத்தைத் திருடுகிறது": இந்தப் புரளியை நம்பாத ஆளே இல்லை எனலாம். கியூஓஎஸ் வசதியைக் கேட்டு வாங்கும் நிரல் ஏதாவது ஓடினால் மட்டும்தான் அந்த ஒதுக்கீடு நடக்கும். அந்த நிரலும் பயன்படுத்தாத பங்கு மற்றவர்களுக்கே போகும். மைக்ரோசாஃப்டே விளக்கம் வெளியிட்டும் புரளி சாகவில்லை.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்: "உங்கள் கணினியில் 847 பிழைகள்!" என்று சிவப்பில் மிரட்டும். பல்லாயிரக்கணக்கான பதிவுகள் உள்ள ரெஜிஸ்ட்ரியில் சில நூறு அநாதைப் பதிவுகள் இருந்தால் வேகம் குறையாது. தேவையான ஒன்றைத் தவறாக எடுத்துவிட்டால் நிரல் திறக்காது. மைக்ரோசாஃப்ட்கூட ஒரு காலத்தில் ரெக்கிளீன் என்று ஒன்றை வெளியிட்டுப் பின்பு திரும்பப் பெற்றது.

ராம் ஆப்டிமைசர்: இது சுத்தமான கண்கட்டு வித்தை. ஒரேயடியாக நிறைய ராமைக் கேட்டு வாங்கும். வேறு வழியில்லாமல் விண்டோஸ் மற்ற நிரல்களின் தகவலை டிஸ்க்குக்குத் தள்ளும். உடனே வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "300 எம்பி மிச்சம் பிடித்தேன்" என்று காட்டும். அடுத்து நீங்கள் பேஜ்மேக்கரைத் தொட்டதும், தள்ளிய தகவல் அத்தனையும் டிஸ்க்கிலிருந்து திரும்பி வரவேண்டும். சிஸ்இன்டர்னல்ஸ் மார்க் ருசினோவிச் 2000-களிலேயே இதைத் தோலுரித்து எழுதிவிட்டார்.

சர்வீஸ்களை வரிசையாக அணைப்பது: இன்டெக்ஸிங் சர்வீஸ் மாதிரி ஓரிரண்டை அணைப்பதில் தப்பில்லை. ஆனால் பட்டியலைப் பார்த்து முப்பதை அணைத்தால் மிச்சமாவது சில எம்பி ராம்தான். ஆறு மாதம் கழித்து பிரிண்டர் வேலை செய்யாதபோது, எதை அணைத்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அணைத்த பையன் வேலை கிடைத்து பெங்களூரு போயிருப்பான் :-)

பேஜிங் கோப்பை எடுப்பது: 512 எம்பி ராம் உள்ள பொட்டியில் இதைச் செய்யாதீர்கள். நினைவகம் போதாமல் நிரல்கள் நடுவழியில் விழும்.

இவை எல்லாம் ஏன் சாகாமல் இருக்கின்றன? குறிப்பைச் செய்து முடித்ததும் பொட்டியை மறுபடி இயக்குகிறோம். மறுபடி இயக்கினாலே எந்தக் கணினியும் கொஞ்ச நேரம் சுறுசுறுப்பாக இருக்கும். பேர் குறிப்புக்குப் போகிறது. நாம் யாரும் அளப்பதில்லை. ரீடிங் எடுக்காமல் லேப் ரெக்கார்டில் ரிசல்ட் எழுதுகிற பழக்கம் இங்கேயும் தொடர்கிறது. ஃபோனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதிலிருந்து பேஜ்மேக்கர் திறக்கும்வரை எத்தனை விநாடி? ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், மறுபடி அளந்து பாருங்கள், எழுதி வையுங்கள். அடுத்த மாற்றத்துக்கு அப்புறம் போங்கள். இதைச் செய்தால் மேலே உள்ள பட்டியலை நான் சொல்லாமலே நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

திருப்புளியும் வேண்டும்

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் கமிட் சார்ஜ் என்ற பெட்டியில் பீக் என்று ஓர் எண் இருக்கும். நாள் முழுக்க வேலை பார்த்த பிறகு அதைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள மொத்த ராம் அளவைவிட அது அதிகமா? அப்படியானால் உங்கள் பொட்டிக்குத் தேவை குறிப்புகள் இல்லை, ராம். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய டிடிஆர் ராமை இன்னும் தேடலாம். மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்த்துக்கொண்டு போங்கள். ராமைக் கூட்டுவது தரும் பலனை எந்த மென்பொருளும் தராது.

பொட்டியைத் திறந்து தூசியைத் துடையுங்கள். பெண்டியம் 4 அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெதுவாகிப் போனதற்கு விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்போம், காரணம் விசிறியில் அடைத்த பஞ்சாக இருக்கும். அப்படியே மதர்போர்டில் நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல போர்டுகளில் இது பெரிய வியாதி. உப்பியிருந்தால் அந்தப் பொட்டிக்கு நாள் எண்ணத் தொடங்கலாம். ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் தேதி பழைய வருஷத்துக்கு ஓடுகிறது என்றால், வட்டமான சிமாஸ் பேட்டரியை மாற்றினால் போதும்.

இணையம் வேண்டாம், வேண்டவே வேண்டாம்

மேலே சொன்ன அத்தனையும் செய்து பொட்டி பறந்தாலும் அதை இணையத்தில் இணைக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியபோது மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்து எக்ஸ்பிக்கும் ஓர் அவசர இணைப்பு கொடுத்தது. 2019 மே மாதம் புளூகீப் ஓட்டைக்காக மறுபடி ஒருமுறை. செத்தவனுக்கு இப்படிச் சில முறை மருந்து கொடுத்திருக்கிறார்கள், இன்னொரு முறையை நம்பி இருக்கக்கூடாது. குரோம் 49, ஃபயர்ஃபாக்ஸ் 52 இரண்டோடும் எக்ஸ்பிக்கான கதை முடிந்துவிட்டது. எந்த வேகக் குறிப்பும் இதைச் சரி செய்யாது. அந்தப் பொட்டியில் நெட் பேங்கிங் செய்கிற சித்தப்பா இருந்தால் இன்றே தடுத்து நிறுத்துங்கள்.

இணையம் இல்லை என்றால் வைரஸ் வர ஒரே வாசல் பென் டிரைவ். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் எல்லா வைரஸும் அப்படித்தானே பரவின? ஆட்டோரன் வசதியை அணையுங்கள். எக்ஸ்பி புரொஃபஷனல் என்றால் குரூப் பாலிசியில் எல்லா டிரைவுக்கும் ஒரே இடத்தில் அணைக்கலாம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவைப் புதிய கணினி ஒன்றில் சோதித்துவிட்டுப் பிறகு செருகுங்கள். ஆண்டிவைரஸை எடுக்க நான் சொன்ன நிபந்தனை இதுதான்: இணையம் இல்லை, ஆட்டோரன் இல்லை, சோதிக்காத பென் டிரைவ் இல்லை. மூன்றில் ஒன்றை உங்களால் உறுதி சொல்ல முடியாவிட்டால் அந்தப் பொட்டி எக்ஸ்பியில் இருப்பதே தப்பு.

"லினக்ஸ் போட வேண்டியதுதானே?"

இதை யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். எனக்கும் லினக்ஸ் பிடிக்கும். இணையத்துக்கும் எழுதுவதற்கும் மட்டும் பயன்படும் பழைய பொட்டி என்றால் அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் இரண்டு விஷயம். 32 பிட் கணினிகளுக்கு அங்கேயும் கதவுகள் மூடுகின்றன. 2025-ல் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கான நிறுவியே இல்லை. இரண்டாவது, டாங்கிள் பூட்டோடு உள்ள தமிழ் ஃபான்டும் பேஜ்மேக்கரும் வேண்டும் என்று நிற்பவருக்கு லினக்ஸ் பதில் இல்லை. அவர் கேட்பது கணினி இல்லை, தன் கோப்புகள்.

"தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு" என்கிற கட்சிக்கும் இதுவே பதில். வாங்கட்டும், ஒருநாள் வாங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் கோப்புகளை வெளியே எடுக்காமல் பொட்டியைத் தூக்கிப் போட்டால், அதோடு சேர்ந்து ஓர் ஊரின் இருபது வருஷத்துக் கல்யாணமும் கருமாதியும் திருவிழாவும் பழைய இரும்புக்குப் போகும்.

பழைய பொட்டியை வேகமாக்குவது அதை என்றென்றைக்கும் வைத்திருப்பதற்காக இல்லை. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அவகாசம் வாங்குவதற்காக. அந்த அவகாசத்தில் கோப்புகள் யூனிகோடுக்கு மாறவேண்டும். வேகத்தை மட்டும் ஏற்றிக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டால் நாம் பாதி வேலைதான் பார்த்திருக்கிறோம். உங்களை யாராவது "தம்பி, கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, கொஞ்சம் பாரேன்" என்று கூப்பிட்டால், எம்எஸ்கான்ஃபிக்கைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல இருக்கிறதுல எது போனா உங்களால திரும்பச் செய்ய முடியாது?" அவர் காட்டுகிற ஃபோல்டரில் இருந்து வேலையைத் தொடங்குங்கள்.

பி.கு.: உங்கள் வீட்டிலோ தெரிந்த கடையிலோ பெயரே கேள்விப்படாத பழைய தமிழ் ஃபான்டில் கோப்புகள் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்தக் குறியீட்டு முறை என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். செமஸ்டர் லீவு வருகிறது, நேரம் இருக்கிறது.